ஒரு ஓட்டு முன்னிலை

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி. நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான ஓட்டுகளை எண்ணும் நாள்.

மும்பை செம்பூரில் ஒரு சின்ன வீடு. மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டும். ஊறப் போட்ட அரிசி அப்படியே இருக்கிறது. அம்மா டிவியை விட்டு நகரவில்லை. இரவுப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் படித்தவர் அவர். திரையில் ஓடும் எண்களைத் தாமே வாசிக்கிறார். பக்கத்தில் மகள். சீட்டா கேம்ப்பில் இருந்து பெரியப்பாவும் வந்திருக்கிறார்.

செம்பூரும் சீட்டா கேம்ப்பும் தாராவியும் தென்மத்திய மும்பைத் தொகுதியில் இருக்கின்றன. அங்கே இழுபறி இல்லை. அனில் தேசாய் 53,384 ஓட்டு அதிகம் பெற்று வென்றார். பிறகு ஏன் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்? சித்திக்காகத்தான். சித்தி இருப்பது ஜோகேஸ்வரியில். அது வடமேற்கு மும்பைத் தொகுதி. அங்கே சிவசேனாவின் இரண்டு பிரிவுகளும் நேருக்கு நேர் மோதின. ஒரு பக்கம் ரவீந்திர வாய்க்கர், வில் அம்பு சின்னம். மறுபக்கம் அமோல் கீர்த்திகர், தீப்பந்தம் சின்னம்.

மே 20-ஆம் தேதி வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர் சித்தி. காலையில் இருந்து போன் மேல் போன்.

"அக்கா, இப்ப யாரு முன்னால?"

"நீ யாருக்குப் போட்ட, அதச் சொல்லு."

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. யாரு முன்னாலன்னு மட்டும் சொல்லு!"

ஒரு நேரம் ஒருவர் பெயர் மேலே வந்தது. அடுத்த நேரம் மற்றவர் பெயர். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பிள்ள இது? ஓட்டுப் பெட்டி ஒண்ணுதான. காலையில ஒருத்தன் ஜெயிக்கான், மத்தியானம் அவனே தோக்கான்!"

"பெரியப்பா, இது ஜெயிச்சது இல்ல. முன்னிலை. அவ்வளவுதான்" என்றாள் மகள். அவள் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டுக் காட்டினாள்.

காலை 8 மணிக்கு எண்ணத் தொடங்குவார்கள். முதலில் தபால் ஓட்டுகளை எடுப்பார்கள். அரை மணி நேரம் கழித்து இயந்திரங்களைத் திறப்பார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 14 மேசைகள். ஒரு மேசையில் ஒரு வாக்குச் சாவடியின் ஓட்டு. 14 மேசைகளும் முடிந்தால் அது ஒரு சுற்று. வேட்பாளர்களின் ஆட்கள் கம்பி வலைக்கு அப்பால் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள்.

"ஒரு சுத்துல உங்க தெரு வரும். அடுத்த சுத்துல வேற தெரு வரும். எல்லாத் தெருவும் ஒரே மாதிரியா ஓட்டுப் போடும்? அதான் ஏறி இறங்குது."

கோரேகாவ் நெஸ்கோ மையத்தில் நடந்த எண்ணிக்கை நீண்டுகொண்டே போனது. இயந்திர ஓட்டுகளின் கணக்கு இதுதான்:

கீர்த்திகர் 4,51,095
வாய்க்கர் 4,51,094

அம்மா கடைசி எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "அஞ்சு, நாலு. ஒரே ஒரு ஓட்டா?"

ஒன்பது லட்சம் பேர் இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டும் வித்தியாசம் ஒன்று! நம்ப முடியாத கணக்குதான். ஆனாலும் நடந்தது.

அது இயந்திர ஓட்டு மட்டும். தபால் ஓட்டையும் சேர்க்க வேண்டும். ராணுவ வீரர்கள், தேர்தல் வேலைக்குப் போனவர்கள், 85 வயது கடந்தவர்கள் போன்றவர்கள் தபாலில் ஓட்டுப் போடலாம். அதில் வாய்க்கருக்கு 1,550. கீர்த்திகருக்கு 1,501. ஒரு ஓட்டு முன்னால் இருந்தவர் பின்னால் போய்விட்டார். செல்லாது என்று ஒதுக்கிய 111 தபால் ஓட்டுகளையும் அதிகாரிகள் மறுபடி சரிபார்த்தார்கள். முடிவு மாறவில்லை. வாய்க்கர் 4,52,644. கீர்த்திகர் 4,52,596. வித்தியாசம் 48. கீர்த்திகர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் அது தள்ளுபடி ஆனது.

முடிவு தெரிந்தபின் சித்தி போனில் ஒன்றும் பேசவில்லை. "சரிக்கா, மாவு ஆட்டணும்" என்று வைத்துவிட்டார். அவர் போட்ட ஓட்டு ஜெயித்ததா, தோற்றதா? இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான் அன்னைக்கு ஓட்டுப் போடப் போகல, பிள்ள."

"ஏன் பெரியப்பா?"

"பட்டறையில தினக்கூலி. ஒரு நாள் போகலன்னா சேட் சம்பளத்த வெட்டிருவாரு."

"வெட்டக் கூடாது பெரியப்பா. ஓட்டுப் போடுற நாள் சம்பளத்தோட லீவு. தினக்கூலிக்கும் உண்டு. அதுக்குச் சட்டமே இருக்கு."

"நெசமாவா?" சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார்: "அப்ப நம்ம தொகுதியில என் ஓட்டால ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?"

மகள் பொய் சொல்லவில்லை. "இந்தத் தடவ ஆயிருக்காது. வித்தியாசம் 53 ஆயிரம். ஆனா அது ஓட்டுப் போடுற அன்னைக்கு யாருக்குத் தெரியும்?"

சீட்டா கேம்ப் அணுசக்தி நகர் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அங்கே 2014-இல் துக்காராம் காத்தே, நவாப் மாலிக்கைத் தோற்கடித்தது 1,007 ஓட்டில்தான்.

2024 நவம்பர் 20. சட்டமன்றத் தேர்தல். பெரியப்பா முந்தின நாளே சேட்டிடம் சொல்லிவிட்டார். காலையிலேயே போய் ஓட்டுப் போட்டார். 23-ஆம் தேதி எண்ணிக்கை. அணுசக்தி நகரில் ஃபகத் அகமது பல சுற்றுகள் முன்னால் இருந்தார். கடைசியில் சனா மாலிக் 3,378 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

அன்று முடிவு வருவதற்கு முன்பு, பட்டறையில் டீ குடிக்கும் நேரத்தில் பெரியப்பா போன் செய்தார். யார் முன்னால் என்று அவர் கேட்கவில்லை.

"பிள்ள, இன்னும் எத்தன சுத்து பாக்கி இருக்கு?"

பயிற்சி

1. தபால் ஓட்டில் யாருக்கு எத்தனை ஓட்டு அதிகம்? கழித்துப் பாருங்கள்.
2. அதில் இயந்திர ஓட்டின் வித்தியாசமான 1-ஐக் கழியுங்கள். என்ன விடை வருகிறது?
3. உங்கள் வீடு எந்தச் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது? எழுதுங்கள்.