ஓ-ரிங் ஊறவைக்க வந்த பிள்ளைகளுக்கு

1. எஞ்சினைத் தொடும் ஆசையில் வந்திருப்பீர்கள். கையில் கிடைப்பதோ ஒரு ரப்பர் வளையம். முகம் சுளிக்க வேண்டாம். புது எரிபொருள் எரியுமா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். ஒழுகுமா என்பதற்குத்தான் நாள் பிடிக்கும்.

2. ஒழுகுவதும் ஒழுகாததும் எரிபொருளில் உள்ள அரோமேட்டிக் என்ற ஹைட்ரோகார்பன் செய்யும் வேலை. ஜெட் ஏ-1 எரிபொருளில் அது 25 சதவீதம் வரை இருக்கலாம். நைட்ரைல் ரப்பர் அதைக் குடித்து உப்பும். அந்த உப்பலை நம்பித்தான் பல இணைப்புகள் இறுகி நிற்கின்றன. ஃபிஷர்-டிராப்ஷ் எரிபொருளிலும், எண்ணெய் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஹெஃபாவிலும் அரோமேட்டிக் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே, ஜெட் ஏ-1-உடன் கலந்த பிறகு குறைந்தது 8 சதவீதமாவது இருக்கட்டும் என்கிறது ஏஎஸ்டிஎம் டி7566 தரநிலை.

3. புது வளையத்தை மட்டும் சோதித்துவிட்டு ‘பாஸ்’ போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வருடக்கணக்கில் ஜெட் ஏ-1 குடித்த வளையத்தில் பிளாஸ்டிசைசர் கரைந்து போயிருக்கும். அந்த இடத்தில் அரோமேட்டிக் உட்கார்ந்திருக்கும். அழுத்தத்தில் கிடந்து வளையமும் சப்பையாகியிருக்கும். அதை இந்த அரோமேட்டிக் இல்லாத பாரஃபின் எரிபொருளில் போட்டால் குடித்ததைக் கக்கிவிட்டுச் சுருங்கும். சப்பை மீளாது, கசியும். 1993-இல் கலிஃபோர்னியாவில் அரோமேட்டிக் குறைத்த டீசல் வந்தபோது பழைய வண்டிகளின் பம்புகள் ஒழுகியதும் இப்படித்தான். அதனால் முதலில் ஜெட் ஏ-1, பிறகு புதியது, மறுபடி ஜெட் ஏ-1 என்று மாற்றி மாற்றி ஊறவையுங்கள்.

4. ஃப்ளோரோசிலிக்கோன், ஃப்ளோரோகார்பன் வளையங்கள் அவ்வளவாக அசையாது. பழைய விமானத்தில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று பார்த்த பிறகு நிம்மதியாக இருங்கள்.

5. ஊறிய வளையத்தை எடுத்ததும் ஒற்றி, உப்பலைக் கணக்கிடக் காற்றில் ஒரு எடை, நீரில் ஒரு எடை. நடுவில் டீ குடிக்கப் போனால், திரும்பி வந்து நீங்கள் அளப்பது வேறொரு வளையம்.

6. ஊறவைத்த டேங்க் சீலன்டை உரிக்கும்போது விசை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், கிழிந்த இடத்தைப் பாருங்கள். சீலன்டுக்குள்ளேயே கிழிந்து, இரு பக்கமும் ஒட்டியிருந்தால் நல்லது. தகடு பளிச்சென்று தெரிந்தால், எண் எவ்வளவு வந்தாலும் ஃபெயில்தான்.

7. 2023 நவம்பரில் விர்ஜின் அட்லாண்டிக் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ‘நூறு சதவீத’ மாற்று எரிபொருளில் பறந்தது. அதில் 88 பங்கு ஹெஃபா, 12 பங்கு செயற்கை அரோமேட்டிக் கெரசின். அரோமேட்டிக்கால் புகைக்கரி கூடும் என்று தெரிந்தும், வளையம் உப்ப வேண்டுமே என்று சேர்த்தார்கள்.

8. நைட்ரைல் என்ற ஒரே பெயரில் கம்பெனிக்குக் கம்பெனி கலவை வேறு. பேட்ச் எண் இல்லாத ரிப்போர்ட்டை என் மேஜைக்குக் கொண்டுவராதீர்கள்.