காரணமா, காலமா?

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதப் புகும் நம் மாணவர்க்குக் கலைச்சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. ‘பிகாஸ்’, ‘ஸோ’, ‘சின்ஸ்’ போன்ற சின்னஞ்சிறு இணைப்புச் சொற்களே காலை வாருகின்றன. ஏலூரில் நாம் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இதனைப் பார்ப்போம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டங் கூட்டமாகச் செத்து மிதந்தன. அதற்குச் சற்று முன்னர், மழைநீர் பெருகியதால் பாதாளம் தடுப்பணையின் மதகுகள் திறக்கப்பட்டிருந்தன. வராப்புழைப் பக்கத்தில் கூண்டு கட்டி மீன் வளர்த்தோர் பெருநட்டம் அடைந்தனர்.

இதனை நம்மவர் ஒருவர், ‘பிகாஸ் தி ஷட்டர்ஸ் வேர் ஓபன்ட், ஸோ தி ஃபிஷ் டைட்’ என்று எழுதுவார். ஒரு மூட்டைக்கு இரண்டு கயிறு எதற்கு? ‘பிகாஸ்’ இருந்தால் ‘ஸோ’ வேண்டா. ‘பிகாஸ்’ என்பதன் பின் எழுவாயும் வினையும் வரும். ‘பிகாஸ் ஆஃப்’, ‘டியூ டு’ இவற்றின் பின் பெயர்ச்சொல் வரும். இவ்வளவும் மனப்பாடத்தில் அடங்கிவிடும்.

‘சின்ஸ்’ அப்படி அடங்காது. ‘சின்ஸ் தி ஷட்டர்ஸ் வேர் ஓபன்ட், மெனி ஃபிஷ் ஹாவ் டைட்’ என்றால், திறந்ததிலிருந்து செத்தன என்றும் கொள்ளலாம். திறந்ததால் செத்தன என்றும் கொள்ளலாம். தமிழில் இவ்விரண்டும் தனித்தனியே நிற்கின்றன. நம் மொழிக்கு இதில் ஒரு மதிப்பெண் கூடுதல்!

இது வெறும் சொல் விளையாட்டன்று. மதகு திறந்தபோது உயிர்வளி குறைந்த நீர் இறங்கியதே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகத்தாரோ நீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் அபாய அளவில் இருக்கக் கண்டனர். மீனவர் ஆலைக் கழிவையே சுட்டினர். இந்நிலையில் மதகோடு ‘பிகாஸ்’ சேர்த்து எழுதுகிறவன், கழிவைப் பற்றிய கேள்வியை ஒரே சொல்லால் மூடிவிடுகிறான். முன்பின் வரிசையை மட்டும் சொல்ல ‘ஆஃப்டர்’ போதும். காரணம் ஐயத்துக்குரியதாயின் ‘மே ஹாவ் காஸ்ட்’ என்க. உறுதிப்பட்ட பின்னரே ‘டியூ டு’.

நண்பர்கள் இதனை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம்: “மதகு திறந்தது. மீன் செத்தது. மீன் வளர்த்தவர் கடனாளியானார்.” இரண்டாவது இடைவெளியில் ‘தேர்ஃபோர்’ தயங்காமல் போடுங்கள், அதற்கு முன் முற்றுப்புள்ளி வேண்டும். முதல் இடைவெளியில் எதைப் போடுவீர்கள்?