பட்டாசுக்கும் நேரம் உண்டு

புனே நகரில் கேம்ப் பகுதி உள்ளது. இங்குத் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். கோயிலும் சர்ச்சும் மசூதியும் இங்கு உண்டு.

தீபாவளி அன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். பிறகு பட்டாசு வெடிப்போம். இது நம் பழக்கம். ஆனால் பட்டாசு வெடிக்கச் சட்டம் நேரம் குறித்துள்ளது. அது ஏன்?

2015இல் டில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் ஒரு வழக்குப் போடப்பட்டது. "காற்று கெடுகிறது. பிள்ளைகளின் நுரையீரல் பாதிக்கும்" என்பதே வழக்கு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது:

* தீபாவளிக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை வெடிக்கலாம்.
* கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு இரவு 11.55 முதல் 12.30 வரை வெடிக்கலாம்.
* சரவெடி கூடாது.
* புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே விற்க வேண்டும்.

தமிழ்நாடு கேட்டது. நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. அங்கே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. அந்த நேரம் கேம்ப் பகுதிக்குப் பொருந்தாது. நாம் வாழும் ஊரின் விதியே நமக்கு விதி.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. அங்கே வெடி வெடிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கலாம். ஆஸ்துமா உள்ள பாட்டி இருக்கலாம். அவர்களுக்கும் அன்று தீபாவளிதானே?

பதில் எழுதுங்கள்:
1. வழக்கு யார் பெயரில் போடப்பட்டது?
2. அமைதிப் பகுதி என்றால் என்ன?
3. உங்கள் தெருவில் யாருக்குப் புகை ஆகாது? விசாரித்து எழுதுங்கள்.