உரையளவையும் ஊசிமருந்தும்

ஒரு பொருளை அறிதற்குக் காட்சி, கருதல், உரை என அளவை மூன்று உண்டு என்பர் தருக்க நூலோர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகை கண்டு நெருப்புண்மை துணிவது கருதல். இவ்விரண்டிற்கும் எட்டாதவற்றை நம்பத் தகுந்தார் கூற்றால் ஏற்பது உரை. தடுப்பூசி மருந்தின் குப்பியுள் யாதுளது என்பதை நம்மில் எவரும் கண்ணாற் கண்டு தெளிதல் இயலாது. ஆகலின், அம்மருந்து தூயது என்று கொள்ளினும், நஞ்சு கலந்தது என்று தள்ளினும், நாம் சார்ந்து நிற்பது உரையளவையே. அங்ஙனமாயின், நம்பத் தகுந்தார் யாவர்? ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது இவ்வினாவையே.

2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தட்டம்மை, ரூபெல்லா என்னும் இருநோய்க்குமுரிய தடுப்பூசி இயக்கம் நம் மாநிலத்தில் தொடங்கிற்று. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயது நிரம்பாத சிறார்வரை அனைவர்க்கும் ஊசி இடுதல் அதன் நோக்கம். தட்டம்மை உயிர் கவரும் நோய். ரூபெல்லாவோ சிறார்க்கு எளிய நோயாய்த் தோன்றி, கருவுற்ற மகளிரைத் தொடக்கத் திங்களிற் பற்றுமாயின், பிறக்கும் மகவுக்குச் செவிட்டுத்தன்மை, கண்புரை, இதயக்குறை முதலியவற்றை விளைக்க வல்லது. எனினும் ஊசி வருமுன் வதந்தி வந்தது. பெற்றோர் பலர் தயங்கினமையால் இயக்கத்தின் காலத்தை அரசு நீட்டிக்க நேர்ந்தது.

யாம் அப்பொழுது கம்பம் பள்ளத்தாக்கில் தொடக்கப்பள்ளி மாணவராயிருந்தோம். 'இவ்வூசியில் நஞ்சு கலந்துள்ளது. போட்ட பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள்' என்றொரு செய்தி வாட்சப் வழியே எம் இல்லத்துக் கைப்பேசிக்கு வந்தது. எழுத்தறியாத அப்பத்தாவிற்கு அதனைப் படித்துக் காட்டியவர் யாம். அவர் சொற்படி உற்றார் நால்வர்க்கு அதனை அனுப்பியதும் எம் விரலே. மறுநாள் எம் அன்னையார் கிராமச் செவிலியரிடம் அச்செய்தியைக் காட்டினார். அவர் சினந்திலர், குப்பியின் மேலிருந்த தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் காட்டி, 'இந்த மருந்துக்கு நம்பர் இருக்கிறது, அந்தச் செய்தியை எழுதியவர் பேர் என்னம்மா?' என்றார். எமக்கு விடை தெரிந்திலது. யாம் ஊசி இட்டுக்கொண்டோம். ஆனால், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் அயல்வீட்டு அம்மையார், யாம் அனுப்பிய செய்தியை நம்பித் தம் பெண்மக்கள் இருவரையும் அன்று பள்ளிக்கு அனுப்பிலர்.

இனி, மருந்திற் கலப்பு என்னும் கூற்று எஞ்ஞான்றும் பொய்யே எனல் பொருந்தாது. 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில் பிளேக் தடுப்பூசி இடப்பட்டது. ஒரு குப்பியிலிருந்து ஊசி பெற்ற 19 பேரும் இரணஜன்னி கண்டு மாண்டனர். பிற குப்பிகளால் ஊசி பெற்றோர்க்கு அந்நோய் வந்திலது. பம்பாய் ஆய்வுக்கூடத்தில் அம்மருந்தை ஆக்கியவர் ஹாஃப்கின். 1897-இல் தம் உடம்பிலேயே அதனை முதலிற் செலுத்திச் சோதித்தவர். அரசின் விசாரணைக் குழு பழியை அவர் ஆய்வுக்கூடத்தின் மேலேற்றியது. அவரும் பதவி இழந்தார். பின்னரே, அவ்வூரில் குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததென்பதும், அது செவ்வையாகத் தூய்மை செய்யப்படாமலே பயன்பட்டதென்பதும் கருதப்பட்டன. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் வாதாடியதன் பயனாய் 1907-இல் ஹாஃப்கின் பழி நீங்கினார். அவ்வாய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இதனால் அறியத்தக்கன இரண்டு. கலப்பு நேர்தல் கூடும் என்பது ஒன்று. அரசின் குழுவும் பிழைபடுதல் கூடும் என்பது மற்றொன்று. ஆயின் அப்பிழையைத் திருத்தியது வதந்தியன்று. எக்குப்பி, எந்நாள், எக்கருவி என நுணுகி வினவிய ஆராய்ச்சியே. அண்மையில், 2018-இல், காசியாபாத்திலுள்ள ஒரு நிறுவனத்தின் போலியோச் சொட்டுமருந்தில் இரண்டாம் வகை நச்சுயிர் கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. அவ்வகை 2016-லேயே சொட்டுமருந்தினின்றும் நீக்கப்பட்டது. குழந்தைகளின் மல மாதிரிகளைச் சோதித்தோரே அக்கலப்பின் தடத்தைக் கண்டனர். அந்நிறுவன மருந்தின் வழக்கும் நிறுத்தப்பட்டது. மெய்யான குற்றச்சாட்டு எண்ணும் இடமும் நாளும் உடைத்து. தன்னைச் சோதிக்குமாறு தானே அழைப்பது.

தமிழ் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று. உ. வே. சாமிநாதையர் ஏட்டுப்பிரதிகள் பலவற்றை ஒப்பு நோக்கியே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பிழையுள்ள ஓர் ஏட்டைப் பார்த்து நூறு படி எழுதினும் அவை நூறு சான்றாகா. ஒரு சான்றே ஆம். அதுபோல, ஒரு செய்தி ஆயிரம் கைப்பேசிகளில் வரினும், அதன் மூலம் ஒன்றாயின் சான்றும் ஒன்றே. மூலம் அறியப்படாதாயின் சான்று யாதுமில்லை.

ஆகலின், நண்பர்காள், ஓர் உரையை ஏற்குமுன் மூன்று வினவுவோமாக. கூறியவர் தம் பெயரால் பொறுப்பேற்கின்றாரா? எம்மருந்து, எவ்வூர், எந்நாள் என வரையறுத்துக் கூறுகின்றாரா? தாம் கூறியது பிழையெனக் காட்டப்படின் திருத்திக்கொள்வாரா? பதவியும் பட்டமும் இவ்வினாக்களுக்கு விலக்காகா.

அயல்வீட்டுப் பெண்மக்கள் இருவரும் இன்று நலமே உளர். அஃது எம் நற்செயலால் வந்ததன்று. அவர்க்குத் தீங்கு நேர்ந்திருப்பின், அச்செய்தியை முதலில் எழுதிய பெயரறியா ஒருவரை யாம் பழித்திருப்போம். ஆயினும் அவ்வம்மையார் நம்பியது அவரையன்று, எம்மை. பிறர் உரையை நாம் கைம்மாற்றும்பொழுது அது நம் உரையாகிவிடுகின்றது.