எட்டெட்டாகக் கூட்டத் தெரிந்தும் ஏன் ஒவ்வொன்றாக?

மேசைக் கணினியில் இருக்கும் சாதாரண புரோசசர்கூட இன்று ஒரே கட்டளையில் எட்டு எண்களோடு வேறு எட்டு எண்களைக் கூட்டிவிடும். 2011-இல் இன்டெல் கொண்டுவந்த ஏவிஎக்ஸ் கட்டளைகளின் வேலை அது. 256 பிட் அகலமுள்ள ரெஜிஸ்டருக்குள் 32 பிட் ஃப்ளோட் எண்கள் எட்டு வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு கூட்டல் கட்டளை போட்டால் எட்டுக்கும் சேர்த்து நடக்கும். இதை வெக்டர் கட்டளை என்கிறோம்.

நாம் சி மொழியில் எழுதும் லூப்போ "முதல் எண்ணைக் கூட்டு, அடுத்ததைக் கூட்டு" என்றுதான் சொல்கிறது. அதை எட்டெட்டாக மாற்றித் தரும் பொறுப்பு கம்பைலருடையது. பல நேரங்களில் அது மாற்றுவதில்லை. உடனே "கம்பைலர் முட்டாள்" என்று ஒரு கூட்டமும், "கம்பைலருக்கு ஓ3 என்ற வேகத் தெரிவைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இன்னொரு கூட்டமும் கிளம்பிவிடுகின்றன. இரண்டு கூட்டத்தாரின் நம்பிக்கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: இது புது நுட்பம். இன்னும் கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும்.

உண்மை: இந்த நுட்பத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதாகிறது. 1976-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போன க்ரே-1 கணினியில் எட்டு வெக்டர் ரெஜிஸ்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 64 எண்கள் அடங்கும். அதற்கென்று எழுதிய ஃபோர்ட்ரான் கம்பைலர், லூப்களைத் தானே தேடிப்பிடித்து வெக்டர் கட்டளைகளாக மாற்றியது. எந்த லூப்பை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று கணக்கிடும் முறையை ரைஸ் பல்கலைக்கழகத்தின் ராண்டி ஆலனும் கென் கென்னடியும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக வகுத்துத் தந்தார்கள்.

2011-இல் ஓர் ஆய்வுக் குழு 151 சோதனை லூப்களை மூன்று கம்பைலர்களிடம் கொடுத்துப் பார்த்தது. வெக்டர் ஆனவை 45 முதல் 71 விழுக்காடு வரைதான். நிஜப் பயன்பாட்டு மென்பொருள்களில் இருந்த லூப்களில் மாறியவை மிகச் சிலவே. இதில் ஒரு பங்கு கம்பைலரின் போதாமை என்பது உண்மை, அது ஆண்டுதோறும் குறைந்தும் வருகிறது. மறு பங்கு நாம் எழுதும் வரிகளில் இருக்கிறது. அந்தப் பங்கை எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் காலம் தீர்த்துவைக்காது.

நம்பிக்கை 2: லூப் எளிமையாக இருந்தால் போதும், கம்பைலர் மாற்றிவிடும்.

உண்மை: மளிகைக் கடை விலைப்பட்டியலையும் வங்கி பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் பொருளுக்கும் ஐந்து ரூபாய் ஏற்ற வேண்டும் என்றால், எட்டுப் பேர் ஆளுக்கொரு வரியை எடுத்துத் திருத்திவிடலாம். புளியின் விலைக்குப் பருப்பின் விலை காத்திருக்க வேண்டியதில்லை. பாஸ்புக்கில் இருப்புத் தொகை எழுதுவது அப்படியல்ல. மேல் வரி இருப்பு தெரிந்தால்தான் கீழ் வரியை எழுத முடியும். இரண்டையும் லூப்பாக எழுதினால் இரண்டு வரிதான் வரும், எளிமையில் வித்தியாசமே தெரியாது. முதலாவதைக் கம்பைலர் உடனே மாற்றும். இரண்டாவதை எழுதியபடியே எட்டெட்டாக மாற்ற வழியில்லை. கணக்கிடும் முறையையே வேறாக அமைத்தால் முடியும், ஆனால் பெரும்பாலும் அதை யோசிக்க வேண்டியவர் நாம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், விலைப்பட்டியலா பாஸ்புக்கா என்று கம்பைலருக்கே தெரியாமல் போவது. சி மொழியில் ஒரு ஃபங்ஷன் இரண்டு பாயிண்டர்களை வாங்குகிறது. முதல் பாயிண்டர் காட்டும் இடத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து, ஒன்று கூட்டி, இரண்டாவது காட்டும் இடத்தில் எழுதுகிறது. பார்த்தால் விலைப்பட்டியல் போலத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் இரண்டாவது பாயிண்டரை, முதலாவதற்கு ஒரு வீடு தள்ளி வைத்து அழைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெமரியில் இருப்பவை 1, 0, 0, 0, 0.

ஒவ்வொன்றாகப் போனால் 1-உடன் ஒன்று கூட்டி அடுத்த வீட்டில் 2, அதனுடன் ஒன்று கூட்டி அதற்கடுத்த வீட்டில் 3 என்று போய், முடிவில் 1, 2, 3, 4, 5 கிடைக்கும். நான்கு நான்காகப் போனால் முதலில் 1, 0, 0, 0 என்ற நான்கையும் எடுத்துவிடுகிறோம். கூட்டினால் 2, 1, 1, 1. எழுதியபின் மெமரியில் இருப்பது 1, 2, 1, 1, 1. அதே நிரல், இரண்டு விடை.

இப்படி யாரும் அழைக்க மாட்டார்கள் என்று நமக்குத் தெரியும். கம்பைலருக்கு அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாதபோது, பாயிண்டர்கள் மோதுகின்றனவா என்று ஓடும் நேரத்தில் சோதிக்கும் நிரலைச் சேர்த்து, லூப்பின் இரண்டு நகல்களை வைக்கிறது. சோதனை கட்டுப்படியாகாது என்று தோன்றினால் மாற்றாமல் விட்டுவிடுகிறது. 1999-இல் சி மொழிக்குள் வந்த 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல் இதற்காகத்தான்: "இந்தப் பாயிண்டர் தொடும் இடத்தை மற்றது தொடாது, நான் பொறுப்பு" என்று நாம் போடும் கையெழுத்து அது. ஃபோர்ட்ரானில் அந்த உறுதி மொழியின் விதியிலேயே இருக்கிறது. அறிவியல் கணக்குகளில் ஃபோர்ட்ரான் இத்தனை காலம் முன்னணியில் நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையெழுத்து போட்டுவிட்டு மீறினால் தவறான விடை வரும், பழியும் நம்முடையதே.

நம்பிக்கை 3: கூட்டல்தானே, எந்த வரிசையில் கூட்டினால் என்ன?

உண்மை: முழு எண்களுக்கு இது சரி. ஃப்ளோட் எண்களுக்குச் சரியில்லை. 32 பிட் ஃப்ளோட்டில் 1,67,77,216 என்ற எண்ணோடு 1 கூட்டினால் விடை அதே 1,67,77,216. அதற்கடுத்த ஒற்றைப்படை எண்ணைக் குறித்துவைக்க அந்த 32 பிட்டில் இடமில்லை.

இந்த எண்ணையும் அதைத் தொடர்ந்து ஏழு 1-களையும் ஒரு வரிசையில் வைத்துக் கூட்டுவோம். உண்மையான விடை 1,67,77,223. ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஏழு 1-களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்துபோகும், விடை 1,67,77,216. நான்கு வரிசையாகப் பிரித்துக் கூட்டினால் முதல் வரிசையில் ஒரு 1 கரைகிறது. மற்ற மூன்று வரிசைகளிலும் இரண்டு இரண்டாகச் சேர்கின்றன. கடைசியில் நான்கையும் சேர்த்தால் 1,67,77,222.

இங்கே வெக்டர் தரும் விடைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருந்தும் ஜிசிசி கம்பைலர் வழக்கமான நிலையில் இதைச் செய்யாது. அது துல்லியத்துக்குக் காவல் நிற்கவில்லை. நாம் எழுதிய வரிசைப்படி வரும் விடை, நல்லதோ கெட்டதோ, மாறாமல் இருப்பதற்குக் காவல் நிற்கிறது.

"சரி, 'ஃபாஸ்ட் மேத்' தெரிவைப் போட்டுவிடலாம்" என்பார்கள். அது கூட்டல் வரிசையை மட்டும் தளர்த்துவதில்லை. "எண் அல்லாத மதிப்பு எங்குமே வராது" என்றும் கம்பைலரிடம் சொல்லிவிடுகிறது. அப்படி ஒரு மதிப்பு வந்திருக்கிறதா என்று நீங்கள் பொறுப்பாக எழுதிய சோதனையையே கம்பைலர் நீக்கிவிடலாம். வேண்டியது ஒரு லூப்பில் கூட்டல் வரிசைக்கு விலக்கு மட்டும்தான் என்றால், 2013-இல் ஓப்பன் எம்பி 4.0 தரநிலை தந்த 'சிம்ட்' குறிப்பை 'ரிடக்‌ஷன்' என்ற சேர்க்கையோடு அந்த லூப்பின் தலையில் எழுதி, அந்தக் குறிப்பை ஏற்கும்படி கம்பைலரிடம் சொன்னால் போதும். ஒரு கதவு திறப்பதற்கு வீட்டையே திறந்துபோட வேண்டாம்.

நம்பிக்கை 4: ரெஜிஸ்டர் அகலம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும்.

உண்மை: சமையலறையில் எட்டு அடுப்பு வைத்தாலும் அரிசி ஒரு மூட்டையாகத்தான் வந்து இறங்கும் என்றால் பலனில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு பெரிய அணிகளைக் கூட்டி மூன்றாவதில் எழுத, ஓர் எண்ணுக்கு 8 பைட் படிக்கவும் 4 பைட் எழுதவும் வேண்டும். எட்டெட்டாகப் போனால் ஒரு கூட்டலுக்கு 96 பைட். 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுற்றுக்கு ஒரு கூட்டல் என்றால் நொடிக்கு 288 ஜிபி நகர வேண்டும். டிடிஆர்4-3200 மெமரி இரண்டு சானல்களில் தருவது அதிகபட்சம் 51.2 ஜிபி. அணி கேஷுக்குள் அடங்காதவரை இங்கே அகலத்தை 512 பிட்டாக்கினாலும் காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

அகலத்துக்கு வேறு விலையும் உண்டு. இன்டெலின் ஸ்கைலேக் சர்வர் புரோசசர்கள் 512 பிட் கட்டளைகளை அதிகமாக ஓட்டும்போது கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டன. அதனாலேயே அந்த ரகத்துக்கு நிரல் ஆக்கும்போது, வேறு சொல்லாதவரை, ஜிசிசி 256 பிட்டையே விரும்புகிறது. கம்பைலரின் செலவுக் கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை. ஆனால் அது குறுகிய அகலத்தைத் தேர்ந்தெடுத்தால் சோம்பல் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நம்பிக்கை 5: வேகம் வேண்டுமானால் கையால் அசெம்பிளி எழுதுவதே வழி.

உண்மை: சில இடங்களில் அதுவே வழி. எஃப்எஃப்எம்பெக், டேவ்1டி போன்ற வீடியோ மென்பொருள்களின் உயிர்நாடியான பகுதிகள் இன்றும் கையால் எழுதப்பட்ட அசெம்பிளிதான். அதை எழுதுகிறவர்கள் ஏவிஎக்ஸுக்கு ஒரு பிரதி, ஆர்ம் புரோசசர்களின் நியான் கட்டளைகளுக்கு ஒரு பிரதி என்று காலமெல்லாம் பராமரிக்கத் தயாராக இருக்கிறார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்குப் பலன் தருவது அதற்கு முந்தைய ஒரு வேலை: தரவை அடுக்கும் விதம். ஒரு மாணவருக்குப் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் சேர்ந்து 64 பைட் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களை மட்டும் கூட்ட, கேஷ் ஒவ்வொரு முறையும் 64 பைட்டைக் கொண்டுவரும். அதில் நமக்கு வேண்டியது 4 பைட். மதிப்பெண்களைத் தனி அணியாகப் பிரித்து வைத்தால் அதே 64 பைட்டில் 16 மதிப்பெண்கள் வந்து நிற்கும். கம்பைலரும் ஒரே கட்டளையில் எட்டை அள்ளிக்கொள்ளும்.

வன்பொருளும் கம்பைலருக்கு இறங்கிவருகிறது. 1003 எண்களை எட்டெட்டாக எடுத்தால் 125 சுற்று போக மூன்று மிஞ்சும். அந்த மூன்றுக்காக ஒரு தனி லூப் வேண்டியிருந்தது. 2021-இல் உறுதியான ரிஸ்க்-ஃபைவ் வெக்டர் கட்டளைத் தொகுதியில் "இன்னும் இத்தனை மிச்சம்" என்று நிரல் சொல்ல, "இந்தச் சுற்றில் இத்தனை எடுத்துக்கொள்கிறேன்" என்று புரோசசர் பதில் தருகிறது. கடைசிச் சுற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு முடித்துவிடும். ஆர்மின் எஸ்விஇ வெக்டர் கட்டளைத் தொகுதியும் 128 முதல் 2048 பிட் வரை எந்த அகலத்துக்கும் ஒரே நிரல் போதும் என்கிறது. ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கணினி ஓடுவது 512 பிட் எஸ்விஇ-யில்தான். ஓர் அகலத்துக்கென்று கையால் இறுக்கி எழுதிய நிரலுக்கு இந்த நெகிழ்வு கிடைக்காது.

கடைசியாக ஒன்று. ஜிசிசி 2022-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் ஓ2 தெரிவிலும் வெக்டர் ஆக்குகிறது, அதுவும் கூடுதல் செலவு வைக்காத லூப்களை மட்டும். ஆகவே உங்கள் லூப் மாறியதா என்று ஊகிக்காதீர்கள், கம்பைலரையே கேளுங்கள். ஜிசிசியில் 'ஆப்ட்-இன்ஃபோ', கிளாங் கம்பைலரில் 'ஆர்-பாஸ்' வகைத் தெரிவுகளைக் கொடுத்தால், எந்த வரியில் உள்ள லூப்பை மாற்றியது, எதை ஏன் விட்டது என்று எழுதிக்கொடுக்கும். அசெம்பிளி கையேட்டைத் திறப்பதற்கு முன் அந்த அறிக்கையை ஒருமுறை படித்துவிடுங்கள்.