இடக்கோடி ஆட்டக்காரர் பலராம்

நம் சங்க மலரில் கால்பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருக்கலாம். சிலம்பும் குறளும் ஆராயப்படும் பக்கங்களில் ஓர் ஆட்டக்காரரின் வரலாறா என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். அவர்களுக்கு என் விடை இதுதான்: நாம் கல்வி கற்க வந்திருக்கும் இந்தக் கல்கத்தா நகரம் இரண்டு தெய்வங்களை வழிபடுகிறது. ஒன்று காளி, மற்றொன்று கால்பந்து. அந்த இரண்டாம் தெய்வத்தின் கோயிலில் தலைமைப் பூசாரிகளுள் ஒருவராக விளங்கியவர் ஒரு தமிழர். அவர் பெயர் துளசிதாஸ் பலராம்.

நான் காளிகாட்டில், கோயிலுக்குச் செல்லும் தெருவொன்றில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர் குடியிருக்கிறார். இவ்வூர் வழக்கப்படி அவரை ‘மேஷோமொஷாய்’ என்று அழைப்பேன். நான் தமிழன் என்று அறிந்ததும் அவர் கேட்டது இட்லியைப் பற்றியன்று; மெரினாவைப் பற்றியுமன்று. “பலராம் உங்கள் மொழிக்காரர்தானே? அவர் ஆட்டத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு டிராமில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன்” என்றார். பிறகு நம் சங்க நண்பர்கள் பன்னிருவரிடம் பலராமைப் பற்றி விசாரித்தேன். பெலேயின் வாழ்வை ஒப்புவித்தார்கள். மெஸ்ஸி அடித்த கோல்களின் கணக்கைச் சொன்னார்கள். பலராம் யார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இக்கட்டுரை எழுந்தது அதனால்தான்.

பலராம் 1936ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், செகந்திராபாத் படைவீட்டுப் பகுதியைச் சேர்ந்த அம்முகூடா என்னும் ஊரில், தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தார். படைவீட்டு ஊர்களில் வெள்ளைக்காரன் விட்டுச் சென்றவற்றுள் கால்பந்தும் ஒன்று. வெறுங்காலோடு ஆடிப் பழகிய இந்த ஏழைச் சிறுவனைக் கண்டெடுத்தவர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும், பின்னர் இந்திய அணிக்கும் பயிற்சி தந்த பேராசான் அவர். தொழிலாலும் பள்ளி ஆசிரியரே. அம்முகூடாவிலிருந்து ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்து போகப் பலராமிடம் காசில்லை. வாடகைச் சைக்கிளுக்கு ரகீமே வழி செய்தார். அந்தச் சைக்கிள் உருண்டிராவிட்டால் பின்னால் வந்த எதுவும் நிகழ்ந்திராது என்றே எண்ணுகிறேன்.

முன்னேற்றம் விரைவாக வந்தது. 1956ஆம் ஆண்டு சந்தோஷ் கோப்பையை வென்ற ஐதராபாத் மாநில அணியில் பலராம் ஆடினார். அதே ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியிலும் இடம் பெற்றார். அப்போது வயது இருபதுதான். அங்கே இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று நான்காம் இடம் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்ற நாடு இது! அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நம்மவர் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று.

1957இல் பலராம் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தார். தெற்கிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேடிக் கொணர்வது அச்சங்கத்துக்குப் புதிதன்று. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய முன்னணி ஐவரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று இந்நகரம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கொண்டாடியிருந்தது. ஐவரும் தென்னாட்டவரே. ஆகவே பலராம் வந்து இறங்கியபோது, அவர்மேல் அந்த ஐவரின் நிழல் விழுந்திருந்தது. மோகன் பகானை வெல்லாத ஈஸ்ட் பெங்கால்காரனுக்கு இந்நகரில் மன்னிப்பு இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சங்கம் லீக் பட்டம் வென்று 1952க்குப் பிறகு பல ஆண்டுகள் கடந்திருந்தன. 1961இல் பலராம் தலைவரானார். அவ்வாண்டு லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது. லீக்கிலேயே மிகுதியாக 23 கோல்கள் அடித்தவரும் அந்தத் தலைவரே. அச்சங்கத்துக்காக அவர் அடித்த கோல்கள் மொத்தம் 104. காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் மைதான். இறங்கி நடந்தால் அச்சங்கங்களின் கூடாரங்களை இன்றும் காணலாம்.

பலராமின் ஆட்டத் திறனை எப்படி விளக்குவது? பௌதிகம் படிப்பவன் ஆதலால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். இரு காலாலும் பந்தை ஆளவல்லவர் அவர். இடக்கோடியிலும் ஆடுவார்; உள்முன்னணியிலும் ஆடுவார்; நடுவிலும் ஆடுவார். எதிரே நிற்கும் தடுப்பாளர் தம் உடல் எடையை எந்தக் காலில் ஊன்றுகிறாரோ, அந்தப் பக்கம் அவரால் உடனே திரும்ப இயலாது. எடையை மறுகாலுக்கு மாற்றியாக வேண்டும். கண்டதை உணர்ந்து உடல் அசைய மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் அதற்குள் 1.4 மீட்டர் கடந்துவிடுவார். ஒற்றைக் கால் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் செல்வார் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். இரு காலும் வசப்பட்டவரிடம் அந்த ஊகம் செல்லாது. இடுப்பைச் சற்றே வளைத்துக் காட்டி எதிரியை ஒரு காலில் ஊன்றச் செய்துவிட்டு, மறுபக்கம் நழுவிப் போவதே பலராமின் தனிக்கலை. மேஷோமொஷாய் இதைக் கையால் மீன் நழுவுவதுபோல் காட்டுவார். என் கணக்கைவிட அது தெளிவு!

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவுடன் ஒரே பிரிவில் இருந்தவை ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகள். ஹங்கேரி அணியில் அல்பெர்ட் என்னும் இளைஞர் ஆடினார். பிற்காலத்தில், 1967இல், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றவர் அவரே. அத்தகைய அணியை எதிர்த்து இந்தியா 2–1 என்ற கணக்கில்தான் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம், நிமிடம் 79. பிரான்சுடன் ஆட்டம் 1–1 எனச் சமனாயிற்று. பெருவிடம் 3–1 எனத் தோல்வி. பெருவுக்கு எதிரான அந்த ஒற்றைக் கோலைச் சில பதிவேடுகள் பலராம் பெயரில் எழுதுகின்றன. நம் நாட்டு ஏடுகள் பல சைமன் சுந்தரராஜ் பெயரில் எழுதுகின்றன. சுந்தரராஜ் தஞ்சையைச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. அஃதாவது, இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த கடைசிக் கோலுக்கு உரிமை பேசப்படுவோர் இருவர், இருவரும் தமிழர். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ்; அவரும் நம்மவரே. இந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் பணியை நம் சங்கத்து வரலாற்று மாணவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962இல், ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2–0 எனத் தோற்ற இந்தியா, ஜப்பானை 2–0 என வென்றது. அதில் ஒன்று பலராமின் கோல். இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியாவைச் சந்தித்தது. இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்படாததை இந்தியர் ஒருவர் கண்டித்தார் என்று அந்நகர மக்கள் சினங்கொண்டிருந்தனர். ஏறத்தாழ இலட்சம் பேர் கூடிய அரங்கில் நம்மவருக்கு எதிராகவே முழக்கம் எழுந்தது. தலையில் தையலோடு ஜர்னைல் சிங் முன்னணியில் ஆடினார், வலக்கோடியில் பி. கே. பானர்ஜி, உள்ளே தலைவர் சுனி கோஸ்வாமி, இடக்கோடியில் பலராம். இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது. அணியை நடத்திய ரகீம் அப்போதே புற்றுநோயால் நலிந்திருந்தார். 1963 சூனில் மறைந்தார். ஆசியக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் கண்டதில்லை.

பானர்ஜி, கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் மும்மூர்த்திகள் என்று சொல்வது வழக்கம். மூவரும் வெவ்வேறு சங்கத்தவர் என்பது வியப்புக்குரியது. பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே. கோஸ்வாமி மோகன் பகான். கல்கத்தாவில் எதிரிகள், நாட்டுக்கு ஆடும்போது ஒரே கை விரல்கள். மற்ற இருவரின் பெயரும் நின்றது. பலராம் பெயர் தேய்ந்தது. ஏன்?

முதற்காரணம் நோய். நுரையீரலைச் சூழ்ந்த உறையில் அழற்சி உண்டாக்கும் ‘பிளூரிசி’ அவரைப் பற்றியது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். முழு வேகத்தில் ஓடும் ஆட்டக்காரருக்கு நூறு லிட்டருக்கு மேல் தேவைப்படும். ஆழ்ந்து மூச்சிழுத்தாலே நெஞ்சில் குத்தும் நோயோடு இடக்கோடி நெடுகிலும் ஓடுவது எப்படி? 1963இல் பி. என். ஆர். ரயில்வே அணிக்கு மாறிய பலராம், அவ்வாண்டே ஆட்டத்தை விட்டார். வயது இருபத்தேழு. இன்னொன்றும் நினைக்க வேண்டும். அந்நாளைய ஆட்டக்காரர்க்குச் சங்கத்தில் இன்றைய கோடிகள் இல்லை. வாழ்வுக்கு நம்பியது ரயில்வே, போலீஸ் போன்ற வேலைகளைத்தான். புகழ் மைதானத்தில், சோறு அலுவலகத்தில்.

இரண்டாவது காரணம் அவர் இயல்பு. பானர்ஜி பயிற்சியாளராகப் பெரும்புகழ் பெற்றார். கோஸ்வாமி கிரிக்கெட்டிலும் வங்காளத்துக்குத் தலைமை தாங்கினார். இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்கு 1962இல் கிடைத்த அர்ஜுனா விருதோடு சரி. தாம் ஆடிய சங்கத்தின்மேல் இருந்த மனத்தாங்கலை அவர் பேட்டிகளில் மறைத்ததில்லை. ஒதுங்கி வாழ்ந்தார், மணம் செய்துகொள்ளவில்லை. அவரை மறந்த குற்றத்தை வங்காளிகள் மேல் மட்டும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கக் கூடும் தமிழர் நாம், ஒரு மாலையாவது அவர் வாசலுக்குப் போயிருக்கலாம் அல்லவா?

செகந்திராபாத்துக்கும் அவர் திரும்பவில்லை. ஹூக்ளி மாவட்டத்தில், கங்கைக் கரையில், உத்தரபாராவில் குடியிருந்தார். ஹவுராவில் புறநகர் வண்டி ஏறினால் பாலிக்கு அடுத்த நிலையம் அது. ஜெயகிருஷ்ணர் நூலகத்துக்காக நம்மில் சிலர் அவ்வூருக்குச் சென்றதுண்டு. 2020 மார்ச்சில் பானர்ஜியும் ஏப்ரலில் கோஸ்வாமியும் மறைந்த பின், மூவரில் எஞ்சியவர் அவர் ஒருவரே. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் கல்கத்தாவில் அவரும் காலமானார். அன்றைய வங்காளிச் செய்தித்தாளில் வந்த படத்தை மேஷோமொஷாய் வெட்டி, பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். பார்க்க விரும்புவோர் காளிகாட்டுக்கு வரலாம்.