நிலப்படத்தில் செஞ்சி

செஞ்சியைக் கோட்டையாகக் கண்டவர் பலர். நிலப்படத்தில் கண்டவர் சிலரே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைப்பதால் கோட்டை ஒரு பெரும் முக்கோணமாக விளங்குகிறது. நில அளவைக் கலைக்கும் முக்கோணமே அடிப்படை.

ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளின் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். பின்னர்க் குன்றுக்குக் குன்று கோணம் பார்த்தே முக்கோணங்கள் தெற்கில் கடலூர்ப் பக்கம் வரை வளர்ந்தன. கோணம் காட்டும் பெரிய தியோடலைட்டின் எடையோ சுமார் அரை டன்! இவ்வளவைப் பணிக்குரிய கருவிகளைப் பிற்காலத்தில் பேணியவர்களுள் ஒருவர் நம் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் ஆவார். 1843இல் ஆங்கிலேயக் கருவியாளர் பாரோ விலகியபின் அப்பொறுப்பு இவரிடம் வந்தது. எவரெஸ்டின் பெயரை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் மாணவர்கள் இவர் பெயரையும் அறிதல் வேண்டும்.

இனிப் படத்தைப் படிப்போம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சமஉயரக்கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. ஏறத்தாழ எண்ணூறு அடி உயர்ந்த ராஜகிரியில் அவை நெருங்கிச் சூழ்கின்றன, வயல்வெளியில் அகன்றுவிடுகின்றன.

ஆயினும் இப்படம் ஒன்றைக் காட்டாது. ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே, சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய பாறைப் பிளவு உள்ளது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வழியில்லை. 1698இல் முகலாயர் கைப்பற்றுவதற்கு முன் பல்லாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையின் உயிர்நிலைகளுள் அதுவும் ஒன்று. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் அப்பிளவின் அகலம் 0.15 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் ஆழமோ 18 மீட்டர். கோடுகளின் இடைவெளியோ 20 மீட்டர். ஒரு கோடும் அதனுள் இறங்காமலே போகக்கூடும்!

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்துள்ளது. பேணுவோர்க்கு வேண்டியது பேரளவுப் படம். 1:1,000 அளவில் வரைந்தால் அதே பிளவு ஏழு மில்லிமீட்டர் அகலம் பெறும்; மீட்டருக்கு ஒரு கோடு இட்டால் அதன் சுவரில் பதினெட்டுக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும்.